வளைவில் போட்ட கிளை

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையில், ஆற்றோரமாக முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தினமும் காலையில் நான்தான் விளக்கேற்றுவேன். இப்போது கோயிலுக்குப் போகும் பாதையில் சைக்கிள்காரர்கள் பறந்து வருகிறார்கள். ஒருநாள் ஒருவன், “பாட்டி, இது சைக்கிள் பாதை லா! வீட்டுல உட்காருங்க!” என்று கத்தினான். ஆத்திரத்தில் வளைவில் ஒரு பெரிய கிளையை இழுத்துப் போட்டேன்.

மறுநாள் என் கண்முன்னால் அதில் மோதி விழுந்தது அவன் இல்லை, சைக்கிளில் வந்த ஒரு பெண். இன்னும் ஒரு முழம் உருண்டிருந்தால் ஆற்றுப் பாறைதான். முழங்கையில் ரத்தத்தோடு எழுந்தவள், “பார்த்து வாங்கம்மா, மரம் விழுந்து கெடக்கு” என்று எனக்காகக் கிளையைத் தள்ளிப் போட்டாள். நான் தலையாட்டிவிட்டு விளக்கேற்றப் போனேன்.

இப்போது பாதையில் கிடக்கும் கிளைகளை எடுத்து ஓரமாகப் போட்ட பிறகுதான் விளக்கேற்றுகிறேன். அதைப் பார்த்து அந்தப் பெண், “தேங்க்ஸ்மா!” என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.