ஸ்டாப்பரை இழுத்துக்கொண்டு போனவன்

எங்கள் கம்பவுண்டருக்குக் கால்பந்து என்றால் உயிர். தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவது அவர் வேலை. பீர்மேட்டில் எங்கள் டீமை நடத்தியவரும் அவர்தான். ஆஸ்திரேலியாவில் நடந்த ஒலிம்பிக்கில் நம் நாட்டு அணி நான்காவதாக வந்த சமயம், பஸ்ஸில் தாமதமாக வந்து சேரும் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் கரித்துண்டால் புள்ளிகள் வைத்தார்.

"இதப் பாருங்கடே. நம்ம நாட்டு சென்டர் பார்வர்டு முன்னாலயே நிக்கல. நடு கிரவுண்டுக்கு இறங்கி வந்துடுதான். அவன விடக்கூடாதுன்னு, கோலுக்கு முன்னால காவல் நிக்கிற எதிராளி ஸ்டாப்பரும் பின்னாலயே வாரான். அவன் விட்டுட்டு வந்த எடம் காலி. அதுல ரெண்டு பக்கத்து இன்சைடு ஆளுங்க பூந்து கோல் போடுதாங்க."

எங்கள் சென்டர் பார்வர்டு நான்தான்.

அந்த வருஷம் பக்கத்து எஸ்டேட்டுடன் நடக்கும் போட்டியைப் பார்க்கக் கோயம்புத்தூர் மில் ஒன்றிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. நன்றாக ஆடுகிற ஒருவனுக்கு மில்லில் வேலை. அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன். நான் பிறந்தது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடான லயத்தில். கல்யாணமாகிக் குடித்தனம் வைத்தது அதே லயத்தில், நான்கு கதவு தள்ளி. பதினைந்து வயதிலிருந்து பாக்டரி மாடியில் கொழுந்தை வாடப்போடும் வேலை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பதால், இன்னொரு வேலை கையில் இல்லாமல் மலையிறங்கவும் வழியில்லை. மழைக்காலத்தில் மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டும்.

"நான் முன்னாலயே நிக்கேன், கம்பவுண்டரே," என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ முன்னால நின்னா அந்த ஸ்டாப்பர் ஒன்ன அசையவிட மாட்டான். ஒனக்கு டீம் ஜெயிக்கணுமா வேண்டாமா?"

மூன்று வாரம் இறங்கி வந்து இடப்பக்கம் பந்து கொடுத்தே பழகினேன்.

போட்டியன்று அவர் சொன்னபடியே இறங்கி ஆடினேன். பக்கத்து எஸ்டேட் ஸ்டாப்பர், ஆறடி ஆள், என் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தான். அவன் விட்ட இடத்தில் இன்சைடு லெப்ட் புகுந்தான். அவன் என் மனைவியின் தம்பி. முதல் பாதியிலேயே இரண்டு கோல். இரண்டாம் பாதியில் ஒருமுறை பந்தோடு திரும்பினேன். ஸ்டாப்பர் சேற்றில் வழுக்கி விழுந்தான். எனக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும். அடித்திருக்கலாம்.

"அத்தான், இங்க!" என்று இடப்பக்கம் குரல் கேட்டது. மூன்று வாரம் பழகிய கால். பந்து அவனிடம் போய்விட்டது. மூன்றாவது கோல்.

ஆட்டம் முடிந்ததும் மில்காரர் மைத்துனன் தோளைத் தட்டி, மில்லுக்கு வரச் சொன்னார். கம்பவுண்டர் என்னை இழுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"சார், இன்னிக்கு ஜெயிச்சதே இவனாலதான்."

"நல்லா ஓடுனாருங்க," என்றார் அவர், மரியாதையாக. "எத்தன கோல் போட்டாருங்க?"

கம்பவுண்டர் பலகையில் வரைந்ததையெல்லாம் வாயால் விளக்கினார். மில்காரர் தலையாட்டிக்கொண்டே ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி சந்தோஷப்படவும் முடியாமல் அழவும் முடியாமல் அடுப்படியில் நின்றாள். "என் தம்பி போறது எனக்கு நெறவுதான். ஆனா அந்தப் பந்த நீங்க ஏன் அவங்கிட்ட குடுத்தீக?"

தெரியவில்லை என்றேன். அது உண்மை.

மைத்துனன் போன பிறகு பாக்டரியில் அவன் பங்கு வேலையும் சில வாரம் எனக்கே வந்தது. அடுத்த போட்டிக்கு முன் கம்பவுண்டரிடம், இந்த முறை முன்னால்தான் நிற்பேன், இல்லையென்றால் ஆடவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதே ஸ்டாப்பர்தான் வந்தான். ஆட்டம் முழுக்க என் முதுகோடு ஒட்டி நின்று என்னை அசையவிடாமல் அடைத்தான். நான்கு முறைதான் பந்து என் காலில் பட்டது. ஒரு கோலில் தோற்றோம். வெளியூரிலிருந்து யாரும் அந்த ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை.

கம்பவுண்டர் என்னைத் திட்டவில்லை. முழங்கால் காயத்தில் டிஞ்சர் தடவிவிட்டு, "காலையில ஷிப்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.