ஏரியில் அடிக்காத புயல்

கதவைத் தட்டி "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்கிற எங்கள் சுகாதார வேலையில், இருமிக்கொண்டே "இல்லை" என்பவர்கள்தான் அதிகம். பையும் நோட்டுமாகப் பழவேற்காட்டு வெயிலில் அலையும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பேரில் வந்த வினை

டவுனில் மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போய், பன்றிக் காய்ச்சல் பரவுகிறது என்றேன். அவருக்கே கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "அந்தப் பிராணி பேரையே எங்க வூட்ல எடுக்க மாட்டோம். அது எப்படிம்மா உள்ள வரும்?" என்றார்.

பறவைக் கிருமியும் மனுஷக் கிருமியும் பன்றி உடம்பில் ஒன்றாகக் கலந்து புதுசாகக் கிளம்பியது, அதனால் நம் உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது, இப்போது ஆளுக்கு ஆள் இருமலில்தான் தொற்றுகிறது என்று தொண்டை வற்றச் சொன்னேன். முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு எல்லாம் கேட்டார். "சரி, பேர மாத்தி எழுதிக்கினு வா, டாக்டராண்ட வரேன்."

எப்போது கரை கடக்கும்?

பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா சொன்னார்: கிருமி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டி உள்ளே புகுந்து, தன்னைப் போலவே ஏராளமாகச் செய்துகொள்ளும். அதை விரட்டப் போகும் உடம்பின் காவல்படை சிலருக்கு வெறிபிடித்து நுரையீரலையே அடித்து நொறுக்கிவிடும். திடகாத்திரமான வாலிபர்களுக்கும் வரும். அதற்குப் பேர் சைட்டோகைன் புயல்.

எட்டாவது படித்த எனக்கு அந்தப் பேர் மட்டும் பளிச்சென்று மனசில் நின்றது. மறுநாள், மகளைக் கட்டிக்கொடுத்த தீவுக் கிராமத்துக்குப் போனதும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன்: "சைட்டோகைன் புயல் பொல்லாதது, வாலிபப் பசங்க சாக்கிரதை." மத்தியானத்துக்குள் தீவின் எல்லாப் படகும் கரையேறி, இன்ஜின் கழற்றி, கயிறு கட்டி நின்றது. ஊர்த்தலைவர் வானத்தைப் பார்த்தபடியே என்னிடம் வந்தார். "பேரெல்லாம் நல்லாத்தான் வெச்சிக்கிறாங்க. என்னிக்கு கரை கடக்குதாம்?"

பலசாலி

நான் விளக்கத் தொடங்குவதற்குள் மகள் அலறினாள். மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்த மாப்பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்து, மூச்சு இரைத்தது. காலையில்கூட "ஆஸ்பத்திரிக்கு வாங்க மாப்பிள்ள" என்று கெஞ்சியிருந்தேன். "மூணு பேர் இழுக்கிற வலைய ஒண்டியா இழுக்கறவன் அத்த நான், இத்தினிக்கூண்டு பூச்சி இன்னா பண்ணும்?" என்றவர், இப்போது பேச மூச்சில்லாமல் கிடந்தார்.

படகை இறக்கச் சொன்னால் ஒருவரும் அசையவில்லை. "புயல்னு நீதானம்மா சொன்ன?" என்றார் தலைவர்.

"ஐயா, அந்தப் புயல் ஏரியில இல்ல, என் மாப்பிள்ள நெஞ்சுக்குள்ள!" என்று கத்தினேன். ஆயுசில் அப்படிக் கத்தியதில்லை. தலைவரே இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாத ஏரியில், அம்மன் பேரைச் சொல்லிச் சொல்லியே அக்கரை சேர்ந்தேன்.

ஆக்சிஜனில் பத்து நாள் கிடந்து மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். கிருமியைவிட அவர் உடம்பு போட்ட சண்டைதான் நுரையீரலில் நீர் கோக்க வைத்தது என்று டாக்டரம்மா விளக்கினார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பெருமை. "கேட்டியா அத்த? பூச்சியால என்னை ஒண்ணும் பண்ண முடியல. என்னை அடிக்க நானேதான் வரவேண்டியதாப் போச்சி!"

இப்போதெல்லாம் அதைப் புயல் என்று சொல்லாமல் ஊர்ச்சண்டை என்கிறேன்; "யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்று ஆவலாக விசாரிக்கிறார்களே தவிர, படகை மட்டும் யாரும் கரையேற்றுவதில்லை.