"நீ இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா"

ஏழாம் வகுப்பில் என் பெயர் டிரெய்லர். ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு எங்கள் பள்ளி வாசல் வழியாகப் போகும் நீண்ட லாரிகளைத்தான் அப்படிச் சொல்வோம். கரும்பலகையில் கணக்குப் போட நான் எழுந்தால், "டிரெய்லர் வருது, ஒதுங்குடா" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் கத்துவான். கணக்கை முடித்துத் திரும்பினால், லாரி பின்னால் வரும்போது அடிக்கும் பீப் பீப் சத்தத்தை வகுப்பே எழுப்பும். கணக்கு சாரும் சிரிப்பார். வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பார்.

அந்தப் பெயர் வந்தது இலவசச் சீருடை கொடுத்த நாளில். தைத்த சீருடை மூன்று நான்கு அளவுகளில் மூட்டையாக வந்து இறங்கும். இருந்ததிலேயே பெரிய அளவும் எனக்குப் போதவில்லை. வகுப்பு டீச்சர் அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, போட்டிருந்த துணிக்கு மேலேயே சட்டையை மாட்டச் சொன்னார். கை நுழைந்தது, பொத்தான் எட்டவில்லை. "மூச்சை இழு, இன்னும் இழு" என்று இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். பொத்தான் தெறித்து முதல் பெஞ்சில் போய் விழுந்தது. "உனக்குன்னு தனியா ஒரு மில்லு வைக்கணும் போல" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது.

என் பக்கத்தில் உட்காருபவளை நான் தோழி என்று நினைத்திருந்தேன். மறுநாள் சத்துணவில் என் தட்டிலிருந்த முட்டையை அவள் எடுத்துக்கொண்டாள். "இத துன்னா இன்னும் குண்டாயிடுவடி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து என் முட்டையை அவள்தான் தின்றாள். தின்றுகொண்டே மற்றவர்களோடு சேர்ந்து பீப் பீப் என்றாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது நான் மதியச் சாப்பாட்டை முழுசாகவே விட்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர், சுற்றிலும் கால்கள். "டிரெய்லர் கவுந்துச்சிடா, கிரேன இட்டுகினு வா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அம்மா அப்போது ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அன்று சாயங்காலம் விடாமல் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கிவிட்டாள். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக எங்கள் வகுப்பறைக்கு வந்தாள். அம்மாவுக்கும் என்னைப் போலத்தான் உடம்பு.

"இன்னா டீச்சர், பொண்ணு மயங்கி வுழுந்துக்கீறா. பட்டப்பேர் வச்சிக் கூப்புடறாங்களாம், துன்ன வுடறதில்லையாம். நீங்க பாத்துகினு கீறீங்களா?"

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பசங்க விளையாட்டுக்குப் பேசறதும்மா. நீங்க வீட்ல கொஞ்சம் சாப்பாட்டைக் குறைங்க. எண்ணெய்ப் பண்டம் கொடுக்காதீங்க." பிறகுதான் நிமிர்ந்தார். அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "ஓ" என்றார்.

அந்த "ஓ" வகுப்புக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "டபுள் டிரெய்லர்."

அம்மாவுக்கும் கேட்டது. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் மார்ஜின் போட்டேன். ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு பக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நீ இனிமே ஸ்கூலுக்கு வராதம்மா."

"ஏன்டி?"

"வராதன்னா வராத."

அம்மா கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. ஆண்டு விழாவில் கட்டுரைக்கு எனக்குப் பரிசு கொடுத்தார்கள், வரவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்து சான்றிதழ் வாங்கப் பெற்றோர் வர வேண்டும் என்றபோது அப்பாவை லீவு போடச் சொல்லி அனுப்பினாள்.

என்னைக் கேலி செய்ததைக்கூட விட்டுவிடலாம். எட்டு மணி நேரம் நின்றபடி வயர் கட்டி, வீங்கின காலோடு எனக்காக நியாயம் கேட்க வந்தவளைப் பார்த்து என்னையே கூச வைத்தார்களே, அதை எப்படி விடுவது? கூசியது நான்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயது. டீச்சருக்கு நாற்பதுக்கு மேல்.

இப்போது நான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். போன மாதம், முட்டை தின்றவள் என்னைப் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தாள். ஏழாம் வகுப்பு போட்டோவைப் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில், பாதி மறைந்து நான். "நம்ம டிரெய்லர் வந்தாச்சா? எப்டி கீற?" என்று ஒருவன் கேட்டிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த டீச்சரும் குரூப்பில் இருந்தார்.

கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வந்து சேரும்வரை எழுதினேன். என் பெயர் அது இல்லை என்று எழுதினேன். தெறித்த பொத்தானை, என் முட்டையை, கூட்டத்தில் நான் விழுந்ததை, என் அம்மாவைப் பார்த்து டீச்சர் சொன்ன "ஓ"வை எழுதினேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவர் பெயரையும் போட்டேன். அனுப்பிவிட்டேன்.

முதல் பதில் முட்டை தின்றவளிடமிருந்து வந்தது. "ஜாலிக்கு சொன்னத இன்னும் மனசுல வச்சிகினு கீறியா? சின்ன வயசுப்பா அதெல்லாம்." இன்னொருத்தி தனியாக, "நானும் சிரிச்சேன். தப்புதான்" என்று எழுதினாள். டீச்சர் படித்துவிட்டதாக போன் காட்டியது. அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் வரை பார்த்துவிட்டு குரூப்பை விட்டு வெளியே வந்தேன்.

முட்டி வலியால் அம்மா வேலையை விட்டுவிட்டாள். அவளை உட்கார வைத்து நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அன்னிக்கு உன்ன வராதன்னு சொல்லிட்டேன்மா" என்றேன்.

அம்மா காலை நீவிக்கொண்டாள். "எனக்கு உம்மேல கோவம் இருந்துச்சிடி. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் இருந்துச்சி" என்றாள். பிறகு, "அந்த டீச்சர் எதுனா சொன்னாளா?"

"இல்ல."

"சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து தோசை ஊற்றப் போனாள்.

அம்மாவின் கோபம் இரண்டு வருடத்தில் தீர்ந்திருக்கிறது. என்னுடையது தீரவில்லை. தீர்த்துக்கொள் என்று யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.