சிக்ரிட்டின் ஸ்வெட்டர்

மூளையில் வேலை செய்யும் மருந்துகளை ஆராய்பவர்களில், வின்னிபெக்கில் சிக்ரிட் ஹால்டோர்சனுக்குத்தான் பெயர் அதிகம். நானும் பக்கத்து அறையில் அதே வேலையைத்தான் பார்த்தேன். என் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களில் பாதிப் பேர் நானேதான். சிக்ரிட்டின் கட்டுரை ஒன்றையோ ஊர் ஊராகத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவள் கண்டுபிடித்த மருந்தைக் கொடுத்தால் எலிகளின் பயம் போய்விடும் என்றது அந்தக் கட்டுரை. அதை நம்பி எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் வேலை நடந்தது.

சிக்ரிட் ஆள் வாட்டசாட்டம். சிரித்தால் தாழ்வாரக் கடைசி வரை கேட்கும். கல்யாணம் வேண்டாம், பூனை போதும் என்று இருந்தவள்.

எங்கள் ஆராய்ச்சியாளர் சங்கத்தின் வாழ்நாள் பதக்கம் அந்த ஆண்டு அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, மாங்க்டனிலிருந்து டெல்ஃபின் அர்செனோ என்ற இளம் ஆராய்ச்சியாளர் சிக்ரிட்டுக்கு எழுதினாள். எத்தனை முறை செய்தும் தனக்கு அந்த முடிவு வரவில்லையாம். நானாக இருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டேன். சிக்ரிட், "வந்து என் கண்ணெதிரே செய்" என்று வரவழைத்தாள்.

ஜனவரிக் குளிரில் டெல்ஃபின் வந்து செய்தாள். மருந்து போட்ட எலிகளும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் போட்ட எலிகளும் ஒன்றுபோலவே சுற்றித் திரிந்தன. மறுநாள் சிக்ரிட் செய்தாள். உப்புநீர் எலிகள் மூலையில் ஒடுங்கின. மருந்து எலிகள் ஜாலியாக உலாவின.

"எல்லாம் கைராசிம்மா," என்று சிரித்தாள் சிக்ரிட். "சாயங்காலம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வா."

நானும் போயிருந்தேன். பொரித்த மீன், அப்புறம் கொடிமுந்திரி அடுக்கு கேக். சிக்ரிட்டின் செம்பட்டைப் பூனை டெல்ஃபினின் மடியில் ஏறிப் படுத்தது, கிளம்பும் வரை இறங்கவே இல்லை.

மறுநாள் காலை, விருந்துக்குப் போட்டுவந்த அதே ஸ்வெட்டரோடு வந்து டெல்ஃபின் மறுபடி சோதித்தாள். இந்த முறை அவள் கையிலும் உப்புநீர் எலிகள் ஒடுங்கின.

"பாத்தியா, உனக்கும் வந்துருச்சு," என்றாள் சிக்ரிட்.

மதியம் அறை சூடேறியதும் டெல்ஃபின் ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழற்றியவள் அதிலிருந்து ஒரு செம்பட்டை மயிரை எடுத்துப் பார்த்தாள்.

"சிக்ரிட், உப்புநீர் எலிங்கள எப்பவும் காலையிலதான் பாப்பீங்களா?"

"ஆமா. மருந்தக் கரைச்சு முடிக்கவே மதியம் ஆயிடுமே."

"மதியம் ஸ்வெட்டர் போட்டிருப்பீங்களா?"

"இந்தச் சூட்டுல யாரு..." என்று தொடங்கிய சிக்ரிட் அப்படியே நின்றாள்.

காலையில் பூனை வாசனையோடு போய் நின்றால் எந்த எலிதான் ஒடுங்காது? மதியம் ஸ்வெட்டரும் இல்லை, வாசனையும் இல்லை. பேரைத் தட்டிக்கொண்டு போனது மருந்து.

டெல்ஃபின் போன பிறகு நான் சிக்ரிட்டிடம் சொன்னேன். "பதக்கக் குழு அடுத்த மாசம் கூடுது. அதுக்கப்புறம் சொன்னா என்ன, குடியா முழுகிடும்?"

"எனக்கு முழுகாது. இந்த மருந்த நம்பி எத்தனை பிள்ளைங்க கண்ணு முழிச்சு வேல பாத்துட்டு இருக்கு, தெரியுமா?"

அந்த வாரமே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். டெல்ஃபினோடு சேர்ந்து, பூனை மயிரால் வந்த வினையைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினாள். பதக்கம் வேறு ஒருவருக்குப் போனது. எனக்கு ஆதங்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் குளிர்காலம் முழுக்கத் தாழ்வாரத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் ஓய்வு பெற்ற பிறகு, போன கோடையில் இருவரும் மாண்ட்ரியால் போனோம். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள். எலி அறை வாசலில் ஒரு மாணவி எங்களை மறித்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். உங்க வீட்ல பூனை இருக்கா?"

"இருக்கே."

"அப்ப உள்ள விட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"யாரும்மா இந்தச் சட்டத்தப் போட்டது?"

"தெரியல மேடம். எல்லா லேப்லயும் இப்படித்தான்."

இவள் யார் தெரியுமா என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். சிக்ரிட் என் காலை மிதித்தாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா," என்றாள். "உனக்குத்தான் பூனை இல்லையே."

கதவு சாத்திய பிறகும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பு உள்ளே கேட்டது.