ஒரு பக்கம் ஒட்டிய கப்பல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். லிப்ட் பழுது பார்க்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்கள் லிப்டைத் திட்டுவதில்லை, என்னைத்தான் திட்டுகிறார்கள்.

என் மனைவி இதற்கு நேர்மாறு. இருபத்திரண்டு வருடமாக ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் துணி தேய்க்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நீராவி. வெள்ளை விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அத்தனை ஆவிக்குள் நின்று நின்றோ என்னவோ, பாதி நேரம் அவள் இங்கே இருப்பதே இல்லை. உப்பு கேட்டால் சர்க்கரை டப்பாவை நீட்டுவாள். அதையும் அவ்வளவு பிரியமாக நீட்டுவாள், சண்டை போடவும் வாய் வராது.

அந்த ஹோட்டலில் தங்கிய யாரோ ஒரு பெட்டியை மறந்து விட்டுப் போனார்கள். ஒரு வருடம் வைத்துப் பார்த்தும் யாரும் கேட்டு வரவில்லை. நீயே எடுத்துக்கொள் என்று இவளிடம் கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் மரக் கப்பல் செய்யும் சாமான்கள். முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு பலகை, அதில் செருக விலா எலும்பு மாதிரி துண்டுகள், மேலே ஒட்ட தீக்குச்சியைவிடக் கொஞ்சம் அகலமான மெல்லிய பட்டைகள், நூல்கண்டு, துணி. கூடவே, புரியாத பாஷையில் படம் போட்ட ஒரு புத்தகம். இவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் ஒரே மகன் கப்பலில்தான் இருக்கிறான்.

சரக்குக் கப்பல் ஒன்றில் அவன் சமையல்காரன். என் கம்பெனியிலேயே நல்ல வேலைக்குச் சொல்லிவைத்திருந்தேன். மாட்டேன் என்று கப்பலேறினான். அன்றைக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். வெங்காயம் உரிக்கப் போகிறவன் எனக்குப் பிள்ளையே இல்லை என்றும் சொன்னேன். பதினாலு மாதமாகப் பேச்சு இல்லை. ஞாயிறு மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்வான். மணி அடித்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்து லிப்டைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவேன். வாரம் தவறாமல் எண்ணெய் போட்டதில், இந்த ஊரிலேயே சத்தமில்லாமல் ஓடும் லிப்ட் எங்களுடையதுதான்.

உண்மையைச் சொன்னால், பாதி நாள் மாடிப்படியிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பிள்ளையின் குரலுக்கு ஏங்கிப்போயிருந்தேன். ஆனால் முதலில் நானாகப் பேசுவதா? அந்த வீம்பு விடவில்லை.

இவள் வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துவிடுவாள். வெயில் தணிந்து அறை மஞ்சளாகிற நேரம். பட்டையை ஈரத்துணியில் சுற்றி, இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டுவாள். விறைப்பாக இருந்த மரம் நாடா மாதிரி வளைந்து கொடுக்கும். அப்படியே விலாவின் மேல் படியவைத்து ஒட்டுவாள். என்ன யோசனை என்று கேட்டால், படிக்கட்டு இறங்கி உள்ளே போயிருந்தேன் என்பாள். இன்னொரு நாள், சமையலறை வரைக்கும் போனேன், வட்ட ஜன்னல் பக்கத்தில் நின்றால் காற்று நன்றாக வருகிறது, பிள்ளைக்கு வேர்க்காது என்றாள். அங்கே காபி கிடைத்தால் எனக்கும் ஒரு கப் கொண்டுவா என்று கிண்டல் செய்தேன். அவளோ நிஜமாகவே தலையாட்டினாள்.

ஒரு மாதத்தில் இடது பக்கம் முழுக்க மூடிவிட்டாள். வழவழவென்று, கை வைத்தால் எடுக்கத் தோன்றாது. அப்புறம் திருப்பி வைத்துப் பார்த்தால், கப்பல் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. ஒரு பக்கப் பட்டைகள் மட்டும் காய்ந்து இழுத்ததில் முதுகுப் பலகையே கோணிவிட்டது. நான் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டச் சொல்லிப் படம் பளிச்சென்று இருக்கிறது. கண் எங்கே போயிற்று என்று சத்தம் போட்டேன்.

"சட்டைய ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தானங்க திருப்புவோம்," என்றாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் சத்தம் அடங்கிவிட்டது.

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே வழி கண்டுபிடித்தாள். ஒட்டிய பக்கத்துக்கு ஆவி காட்டி இளக்க வேண்டும். யாராவது இரண்டு கையாலும் முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் ஒட்ட வேண்டும். வீட்டில் யாராவது என்றால் நான்தானே. பிடித்தேன். அடுத்தடுத்து ஏழு பட்டை ஒட்டினாள்.

"நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. எடுத்தா எல்லாம் எகிறிடும்."

அப்போது போன் அடித்தது. செருப்பு வாசலில் இருந்தது, கை கப்பலில் இருந்தது. இவள் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சமையலறைக்குப் போய்விட்டாள். வசமாக மாட்டிக்கொண்டேன்.

"அம்மா? கேக்குதாம்மா?"

பின்னால் இயந்திரம் உறுமியது. குரல் கொஞ்சம் கனத்திருந்தது.

"அம்மா உள்ள இருக்கா," என்றேன்.

 என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவானோ என்று பயந்துபோனேன். "வச்சிடாதடா. ரெண்டு கையும் மாட்டியிருக்கு, என்னால திரும்பக் கூப்பிட முடியாது."

"எதுல மாட்டியிருக்கு?"

"உங்கம்மா கப்பல்ல. கோணிப்போச்சு, நிமித்திப் பிடிச்சிருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். இதற்குமேல் விட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. நீ என் பிள்ளைதான்."

 கடலில் எங்கேயோ ஒரு மூலையிலிருந்து அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சாப்டீங்களாப்பா?"

கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கை இல்லை. மூக்கு நுனியில் வந்து நின்றதைத் தோளில் தேய்த்துக்கொண்டேன்.

"இன்னும் இல்ல. நீ இன்னைக்கு என்ன சமைச்ச?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். இருபத்தாறு பேருக்குச் சமையல், அடுப்பு ஆடுகிற ஆட்டம், பாத்திரத்தைக் கம்பியில் மாட்டி நிறுத்துகிற வித்தை எல்லாம் சொன்னான். சமையலறை வாசலில் நின்றபடி இவள், பசை எப்போதோ காய்ந்துவிட்டது, கையை எடுக்கலாம் என்று சைகை காட்டினாள். நான் எடுக்கவில்லை.