பெட்டரிக்கு நோன்பு கடமையில்லை

எங்கள் களஞ்சியத்தில் கடல்காற்று வருகிற அறை ஒன்றே ஒன்றுதான். அதில் பெட்டரி குடியிருந்தது.

முந்தலிலிருந்து புத்தளம் வரும் வழியில், உப்பேரியான களப்புப் பக்கமாக ஒதுங்கிய இடம் அது. உலர்த்திய தேங்காய்ப்பூவைத் தரம் பிரித்து, பொதி கட்டி, கப்பலுக்கு அனுப்புகிறோம். நான் அங்கே உதவிப் பொறுப்பாளர். என் வாப்பாவும் உம்மாவும் பள்ளிக்கூடப் படி ஏறாதவர்கள். வீட்டில் முதன்முதலாகப் படித்து, பட்டமும் எடுத்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள் நான்தான். அந்த அட்டையைப் பஸ்ஸிலும் கழற்ற மாட்டேன். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அறைக்கு வருகிறேன். பொதிகளைத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு அப்போது அசிட் பெட்டரி. ஒருநாள் முழுக்க உழைத்தால் இரவு முழுக்கச் சார்ஜில் கிடக்கும். சார்ஜ் ஏறிய பிறகும் உடனே வேலைக்கு வராது. சூடு ஆற வேண்டும். அதனால் ஒரு வண்டிக்கு இரண்டு பெட்டரி வைத்திருந்தோம். ஒன்று வண்டிக்குள் உழைக்கும், மற்றது அறைக்குள் ஓய்வெடுக்கும். காலையில் சங்கிலி போட்டுத் தூக்கி, ஒன்றை எடுத்து மற்றதை வைப்பார்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய வாயு கிளம்பும் என்பதால் அந்த அறைக்கு எதிரெதிராகப் பெரிய ஜன்னல்கள். அசிட் மேலே பட்டால் உடனே கழுவ உள்ளேயே ஒரு தண்ணீர்க் குழாய். கழுவிய தண்ணீர் ஓட ஒரு வடிகால்.

பொதி கட்டுகிற பெண்களுக்கு இதில் எதுவும் இல்லை. பின்பக்கம், மூட்டை அடுக்குகளுக்கு நடுவில், தகரக் கூரைக்குக் கீழே பாய் விரித்துச் சாப்பிட்டார்கள், தொழுதார்கள். ஒருத்தி தொழும்போது இன்னொருத்தி காவல் நிற்பாள், வண்டி வந்துவிடாமல். தொழுமுன் கைகால் கழுவி ஒழு எடுக்கக் கழிப்பறைக் குழாயில் வரிசை.

அவர்களில் மூத்தவரை, அக்காவென்று எண்ணி, எல்லோரும் ராத்தா என்போம். கற்பிட்டிக்காரர். எழுத வாசிக்கத் தெரியாது, வாய் மட்டும் நன்றாகத் தெரியும். வேலைக்கு வந்த முதல் நாளே அவர் நேராகப் பெட்டரி அறைக்குள் போய்க் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாராம். வண்டி ஓட்டுகிறவர் எங்கள் எல்லாருக்கும் அண்ணன் மாதிரி, நானா; அவர் ஓடிவந்து கத்தியிருக்கிறார்.

"ராத்தா! உள்ளுக்க வராதீங்க! போர்டு தெரியல்லயா?"

"தெரிஞ்சபடியாத்தானே வந்த. கை போட்டிரிக்கு, கைக்கு மேல தண்ணி சொட்டுது. ஒழு எடுக்கிற இடமெண்டுதானே அர்த்தம்?"

கதவில் இருந்தது மஞ்சள் முக்கோணப் பலகை. கையில் அசிட் சொட்டி, கை பொசுங்குகிற படம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காதவர் களஞ்சியத்தில் இல்லை. ராத்தாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கடைசியில் ஒரு பேச்சு விடுவார்: "எண்டாலும் பாருங்க, பெட்டரிக்கு ரெண்டு ஜன்னல், ஒரு பைப்பு. நமக்கு மூட்டைச் சந்து. அடுத்த முறை பெட்டரியாப் பொறக்கணும் போல."

கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தைக் காட்டினார்கள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினார், கைபேசிக்குக் குத்துவது போல பிளக்கைக் குத்தினார், தேத்தண்ணீர் குடிக்கப் போனார். லித்தியம் பெட்டரி என்றார்கள். திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றி, மறுபடி ஏறி ஓட்டினார். நான் கேட்ட முதல் கேள்வி, "பெட்டரி அறை எங்கே?" அப்படியொன்று இல்லை என்றார்கள். வாயு கிளம்பாது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, அசிட் சொட்டாது. சுவரோரம் கொஞ்சம் இடம், தீயணைப்பான், நல்ல வயரிங் இருந்தால் போதும். மற்றவர்கள் வண்டியைப் படம் எடுத்தார்கள். என் கண்ணுக்குள் எங்கள் அறையின் இரண்டு ஜன்னல்களும் நின்றன.

திரும்பி வந்து மனேஜரிடம் போனேன். சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தமிழை இழுத்து இழுத்து, ஆனால் ஆசையாகப் பேசுவார். அசிட் பெட்டரி பின்னேரமானால் களைக்கும், பாரத்தைத் தூக்கும் கை மெதுவாகும்; லித்தியம் கடைசி வரை ஒரே பலத்தில் தூக்கும் என்றேன். இரண்டு பெட்டரியின் வேலையை ஒன்றே செய்யும், பல வருடம் கூட உழைக்கும் என்றேன். சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் அசிட் நெடி எதற்கு என்றும் கேட்டேன். விலை கூடத்தான், அதையும் மறைக்கவில்லை.

"எங்கட பழசு இன்னும் ஓடுது தானே, மிஸ்?"

"ஓடுது சேர். ஆனா அதுக்கு ஒரு அறை வேணும். எங்கட பொம்புளைகளுக்கும் ஒரு அறை வேணும்."

அவர் கொஞ்ச நேரம் பேனையைச் சுழற்றினார். "சரி. வாடகைக்கு ஒண்டு எடுத்துப் பாப்பம், ஒரு மாசம். லோடிங் ஒரு நாளும் நிக்காம ஓடினா பழசு ரெண்டையும் குடுத்திடுவம், அறைய நீங்க எடுங்க. வண்டியால லோடிங் நிண்டா, பழசுதான். பேச்சில்ல."

வண்டி வந்தது. பழைய வண்டியைச் சார்ஜ் ஏற்றாமல் ஓரமாக நிறுத்திவைத்தோம். லித்தியம் பெட்டரி பாரம் குறைவு என்பதால் பாரம் தூக்கும்போது பின்பக்கம் எழும்பிவிடாமல் இரும்புத் தகடு பூட்டியிருந்தார்கள். "மாப்பிள மெலிவுதான், அதான் கல்லக் கட்டி அனுப்பிரிக்காங்க," என்றார் ராத்தா. கூட வந்த பொறியியலாளர் சார்ஜர் இருந்த சுவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். எழுத்தே இல்லை, படம் மட்டும்: ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை, பக்கத்தில் ஒரு பிளக். தேத்தண்ணீர் இடைவேளையில் குத்துங்கள் என்று அர்த்தம்.

நானாவுக்கு அதை நம்ப மனம் வரவில்லை. அசிட் பெட்டரியோடு பழகியவர் அவர். அதற்கு இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறைந்துவிடும். முழுதாக இறங்க விட்டு, முழுதாக ஏற்ற வேண்டும். அவருடைய சட்டைகளில் அசிட் பட்டுப் பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"மிஸ், அரை வயித்தில குத்தினா பெட்டரி செத்துப்போகும்."

"இது அந்த இனமில்ல நானா. எப்ப வேணுமெண்டாலும் குடுக்கலாம், கொஞ்சமாயும் குடுக்கலாம். இதுக்கு நல்லமும் அதுதான்."

"சரி. நீங்க படிச்ச புள்ள. படம் சொல்ற மாதிரிச் செய்றன்."

செய்தார். பத்து மணித் தேத்தண்ணீருக்குக் குத்தினார், பகல் சாப்பாட்டுக்குக் குத்தினார், பின்னேரத் தேத்தண்ணீருக்குக் குத்தினார். வண்டி பறந்தது. முதல் வாரத்தில் பொதிகள் வண்டிக்காகக் காத்திருந்த காலம் போய், வண்டி பொதிகளுக்காகக் காத்து நின்றது. நான் வீட்டில் கதையாகக் கதைத்தேன். வாப்பா தான் வேலை செய்கிற உப்பளத்தில் எல்லாரிடமும் போய், "எண்ட மக இப்ப பெட்டரிக்குப் படிச்சுக் குடுக்கிறா," என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு தலைப்பிறை தெரிந்தது.

நோன்பு தொடங்கியதும் வேலை நேரம் மாறியது. விடியவே தொடங்கி, பின்னேரம் சீக்கிரம் முடிக்கிற ஏற்பாடு. முதல் நாட்களில் அனுப்ப வேண்டியது குறைவு. வண்டியும் பாதிநாள்தான் ஓடியது. ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் ஒரே நேரத்தில் பெரிய கொள்கலன் வந்து நின்றது. அன்றைக்கே நிரப்பி அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் ஒரே யோசனை, நோன்பு திறக்க முன்னர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பகல் தொழுகையான லுஹர் தாண்டியும் நன்றாகவே ஓடியது. பின்னேரத் தொழுகையான அஸருக்குக் கொஞ்சம் முந்தி, கொள்கலன் வாசலில், பாரத்தோடு நின்ற வண்டி ஒரு சத்தம் போட்டது. திரையில் ஒரு ஆமைப் படம். அதற்குப் பிறகு வண்டியும் ஆமைதான். பாரத்தை இறக்கிவைக்க மட்டும் முடிந்தது.

கொள்கலன் சாரதி ஹோர்ன் அடித்தார். மனேஜர் அறையிலிருந்து வந்தார். ராத்தாவும் மற்றவர்களும் கையில் பொதிநூலோடு அப்படியே நின்றார்கள். ஒருவரும் அந்த அறைப் பக்கம் பார்க்கவில்லை; பார்க்காமல் இருப்பதே தெரிந்தது.

"நிண்டிச்சுதானே, மிஸ்," என்றார் மனேஜர். அவர் சந்தோஷப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் நானாவிடம் திரும்பினேன். "நானா, இண்டைக்குக் குத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"தேத்தண்ணி எங்க மிஸ்?"

"என்ன தேத்தண்ணி?"

அவர் சுவரைக் காட்டினார். கோப்பையும் பிளக்கும். "தேத்தண்ணி குடிக்கக்குள்ள குத்தச் சொல்லித்தானே போட்டிரிக்கு? நோன்பில எவன் தேத்தண்ணி குடிக்கிறான்? ராவைக்குப் போகக்குள்ள மட்டும் குத்திட்டுப் போறன்." பிறகு கொஞ்சம் ரோசமாக, "மனுசரே தண்ணி வென்னியில்லாம நிக்கிறம். இதுக்கு மட்டும் மூணு நேரம் தீனியா? பழசெண்டா நல்ல நோன்பாளி. ராவைக்குச் சஹர் சாப்பாட்ட முடிச்சிச்செண்டா பிறகு பகல் முழுக்க வாயத் திறக்காது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் பக்கத்திலேயே நின்றது. கொழும்பில் அந்த ஸ்டிக்கரை வடிவமைத்தவர்களுக்குத் தேத்தண்ணீர் இல்லாத ஒரு மாதம் நினைவுக்கு வந்திருக்காது. இடைவேளைக்கு இடைவேளை ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கில் சின்னப் பெட்டரியாகத் தந்திருந்தார்கள். தேத்தண்ணீர் இடைவேளையே இல்லாத மாதத்தில் அதைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

"நானா, இது புதுசு. பச்சப் புள்ள," என்றேன். "பச்சப் புள்ளைக்கு நோன்பு கடமையா?"

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இல்லதான்."

"அப்ப குடுங்க!"

ராத்தா முதலில் சிரித்தார். பிறகு வரிசையாக எல்லாரும். நானா ஆமையை மெல்ல மெல்ல உருட்டிச் சார்ஜருக்குக் கொண்டுபோய்க் குத்தினார். "கோப்பை வேணுமெண்டா, மனேஜர் சேர் உள்ளுக்க குடிக்கிறார்தானே. இனி அவர் குடிக்கக்குள்ள குத்தட்டா?"

மனேஜர் காது வரை சிவந்தார். நோன்பு காலத்தில் எங்களுக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பதாக அவர் நினைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். பெண்கள் மூட்டைச் சந்துக்குப் போனார்கள். நானும் போய்த் தொழுதேன். தொழுகையில் சார்ஜரின் நினைவு வந்தது என்பதை இங்கே சொல்வது, உம்மா வாசிக்க மாட்டா என்ற தைரியத்தில்தான்.

திரும்பி வரும்போது திரையில் ஆமை இல்லை. முழுதாக ஏறியிருக்கவில்லை, ஆனால் மீதிப் பாரத்துக்குப் போதும். இதையே அசிட் பெட்டரியில் செய்ய முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அது தூக்கம் கலைந்து கண்ணைக்கூடத் திறந்திருக்காது. நானா ஏறினார். கை தளராமல் தூக்கியது. வெயில் சாயும் முன் கொள்கலன் கதவு பூட்டப்பட்டது.

மனேஜர் வாசலில் நின்றார். நான் அவரை விடவில்லை.

"சேர், அஸர் தொழுகைக்கு லோடிங்க எப்பவும் நிப்பாட்டுறதுதானே?"

"ஓம்."

"இண்டைக்கு அதவிடக் கூட நேரம் நிண்டதா?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர், ஏமாற்றத் தெரியாதவர். ஹோர்ன் அடித்த நேரத்தையும் கணக்கில் எடுத்தார் போல. வாசலையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். "கொஞ்சம்," என்றார். பிறகு, "சரி, கொஞ்சம் எண்டது நிண்டதில்ல. வண்டியும் தொழப் போச்சு எண்டு வைப்பம்."

அடுத்த நாள் காலை ஸ்டிக்கரில் கோப்பைக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் ஒரு தொப்பியும் தொழுகைப் பாயும் வரைந்தேன். லுஹருக்கும் அஸருக்கும் குத்த வேண்டும். படம் எனக்கு வராது. தொப்பி சட்டி மாதிரி இருந்தது. "இதென்ன, கஞ்சிச் சட்டியா மிஸ்? இப்பவே பசிக்குது," என்றார் நானா. ஆனால் ஒரு தொழுகை வக்தும் தவறவிடவில்லை. பிறகு வந்த நாட்களில் தொழுகைக்கு வரிசையில் முதலில் நிற்பது வண்டிதான் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆமையை அந்த மாதத்தில் மறுபடி காணவில்லை.

பெருநாள் முடிந்து பழைய வண்டியையும் பெட்டரிகள் இரண்டையும் லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். நானா வாசல் வரை போய் நின்றார். கவலையா என்று கேட்டேன். "கவலையா? இனிச் சட்டைக்கு ஓட்டை விழாது. ஊட்டில நம்ப மாட்டாங்க, நான் வேலைக்குப் போறதயே," என்றார்.

நிலத்தைச் சோடாத் தூள் கரைத்த தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினோம். சுவருக்கு வெள்ளை அடித்தோம். இரண்டு ஜன்னலையும் திறந்தபோது களப்புக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. பெண்கள் பாயை விரித்துவிட்டு, உடனே தொழாமல், சும்மா உட்கார்ந்து முக்காட்டைத் தளர்த்திக் காற்று வாங்கினார்கள். "என்ன சொகுசா இரிந்திரிக்கு இந்தப் பெட்டரி," என்றாள் ஒருத்தி.

நான் திருகாணியைக் கழற்றி மஞ்சள் பலகையை எடுத்தேன். அசிட் இல்லாத அறையில் அது இருக்கக்கூடாது. அது என் பொறுப்பு. ஆனால் கதவில் அந்த முக்கோணத்தின் அடையாளம் அப்படியே இருந்தது. அதற்குள் நீலப் பெயின்டால் ஒரு குழாயும், குழாய்க்குக் கீழே ஒரு கையும் வரைந்தேன். இந்த முறை கை கையாகவே வந்தது.

ராத்தா கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வந்த அண்டைக்கே சரியாத்தான் வாசிச்ச," என்றார். "நீங்கதான் லேட்டு."

குழாயைத் திறந்தார்.