பழைய அளவு

தையல்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. மனைவியை இழந்த பஸ் டிரைவர், இவளாகவே துணியெடுத்துத் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் நின்றார். சட்டைக்கை விரல்நுனி வரை தொங்கியது.

"கை நீளம்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு? இதோடவா ஸ்டியரிங் பிடிச்சீங்க?"

"மடிச்சு விட்டுக்கிட்டேன். போன சட்டையும் இப்படித்தாங்க இருந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. இவரைக் கண்ணளவிலேயே கணக்கிட்டு வெட்டியதாகத்தான் நினைத்திருந்தாள். கத்திரியோ பழைய தடத்திலேயே ஓடியிருக்கிறது.

"ஐயோ, இது அந்த ஓடிப்போனவனோட அளவு!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். கூட இருந்து தைத்த தோழியை இழுத்துக்கொண்டு போன புருஷன். ஆள் தொலைந்தான், அளவு தொலைய மாட்டேன் என்கிறதே!

"ரொம்ப உயரமோ?" என்றார் டிரைவர்.

"உயரத்துக்கு என்ன குறைச்சல்? புத்திதான் குட்டை. நீங்க ஏன் இத்தனை நாள் வாயே திறக்கல?"

"அவ போனப்புறம் எனக்குன்னு ஒருத்தர் தச்சது. குறை சொல்ல மனசு வரலைங்க."

"மனசு வரலையாம் மனசு! கையை நீட்டித் தொலைங்க."

நாடாவை எடுத்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள். அளந்து முடித்தும் அவர் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி அவளும் கத்தவில்லை.